வெட்டி எடுத்த நாற்பது விநாடி

சந்திரகலா பதினோரு வருஷம் அடுத்தவர் முகத்தைத் திருத்திப் பிழைத்தவள். திருவண்ணாமலை தேரடி வீதியில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவ் மேல் புள்ளி புள்ளியாக வைத்து, கல்யாணப் பெண்களின் பருவையும் மாப்பிள்ளைகளின் அம்மைத் தழும்பையும் மறைப்பாள். முன்னறையில் படம் எடுத்தவன் அருணகிரி. அவளைவிட ஆறு வயது சின்னவன். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான். பாதி நாள் மத்தியானச் சாப்பாடு அவள் டிபன் கேரியரில்தான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அக்கா ஸ்தானத்தில் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான்.

1985இல் ஸ்டுடியோ முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அந்தச் சமயம்தான் ஊரில் கல்யாணம் என்றால் வீடியோ வேண்டும் என்ற ஆசை பிறந்திருந்தது. எடுக்க வேலூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. "நாமளே செஞ்சா இன்னாக்கா?" என்றான் அருணகிரி. பஸ் டெப்போவில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் சுப்பிரமணி தடை சொல்லவில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தில் அவள் பங்கை விற்றாள். அவன் தன் மாமனாரிடம் கேட்டு வாங்கி வந்தான். இருவரும் மெட்ராஸுக்கு பஸ் ஏறினார்கள்.

கேமராவைப் பற்றித் தகராறு இல்லை. தோளில் தொங்கும் ரெக்கார்டரோடு ஒயரால் சேர்ந்த ஒரு வீடியோ கேமராவை ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார்கள். மற்ற சாமான்களில்தான் பேச்சு முட்டியது.

"ஆயிரம் வாட் ஹாலஜன் லைட்டு ரெண்டு வாங்கிடலாம்க்கா. வெளிச்சம் கம்மியா இருந்தா படம் மண்ணு மாதிரி வரும். ஸ்டாண்டெல்லாம் எதுக்கு? என் தோள் இருக்குது."

"உன் தோள் மூச்சு விடுது. நீ மூச்சு விட்டா தாலி ஆடுது. ஆடுற படத்தை வச்சிகிட்டு நான் எங்க வெட்றது, எங்க சேக்கறது?"

அவன் சிரித்துவிட்டான். அன்று முழுக்க அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். போட்டோ கேமராவுக்கான ஸ்டாண்டுகளைக் காட்டினார்கள். கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்; வெடுக் வெடுக்கென்று போயிற்று. நாலாவது கடையில், தலைப்பகுதிக்குள் எண்ணெய் ஊறியிருந்த கனமான ஸ்டாண்டு ஒன்று கிடைத்தது. திருப்பினால் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. தன் கைப்பையை அதன் மேல் வைத்து, ஸ்டாண்டின் காலை மெல்ல உதைத்தாள். பை அசையவில்லை. "இதுதான்" என்றாள்.

எடிட்டிங்குக்கு, கேசட் போட்டு ஓட்டவும் பதியவும் செய்கிற டெக் இரண்டு வேண்டும். ஒன்றில் எடுத்த கேசட் ஓடும். வேண்டிய இடம் வரும்போது இன்னொன்றில் பதிய வேண்டும். ஓட விடுவதற்குத் தோள் ரெக்கார்டர் போதும். பதிகிற டெக் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். விலை குறைந்தவற்றில், துண்டும் துண்டும் சேரும் இடத்தில் வானவில் போல் கலர் வழிந்து ஓடியது. கடைக்காரர் அலுத்துக்கொண்டார்: "கல்யாண கேசட்டுதானம்மா, யாரு அவ்ளோ உத்துப் பாக்கப் போறாங்க?" அவள் விடவில்லை. ஒரே துண்டை நிறுத்தி நிறுத்திப் பதியவைத்து, ஒட்டு தெரியாமல் வருகிற டெக் கிடைக்கும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஸ்டாண்டும் டெக்கும் அவள் இஷ்டம், லைட்டு அவன் இஷ்டம் என்று முடிந்தது. அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"அருணகிரி, லைட்டை நேரா மூஞ்சியில அடிக்காத. சுவத்துல வெள்ளை வேட்டி கட்டி அதுமேல அடி. திரும்பி வர வெளிச்சம் போதும். சூடும் கம்மி."

"சரிக்கா."

தொழில் நன்றாகவே பிடித்தது. அவர்கள் கேசட்டில் படம் ஆடவில்லை, ஒட்டு தெரியவில்லை என்று செங்கம், போளூர் வரைக்கும் பேர் போயிற்று.

1986 வைகாசியில் சரோஜாவின் கல்யாணம் வந்தது. வேட்டவலம் பக்கத்து விவசாயி அப்பாதுரையின் ஒரே மகள். மாப்பிள்ளையின் அப்பா கோதண்டராமன், செங்கம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை நிர்வாகம் பண்ணுகிறவர். கல்யாணமும் அங்கேயே.

காலையில் பெண்ணின் அறையில் அலங்காரக் காட்சி எடுத்தார்கள். பத்துக்குப் பத்து அறை. வெளியே மேளச் சத்தம் என்று கதவையும் ஜன்னலையும் சாத்தினார்கள். உள்ளே பெண்ணும் அவள் அம்மா வள்ளியும் சந்திரகலாவும் அருணகிரியும் மட்டும். நெற்றிச்சுட்டியும் பூவும் ஆடுகிறதென்று ஃபேனை நிறுத்தினான். வேட்டி கட்ட நேரமில்லை என்று சொல்லி இரண்டு லைட்டையும் நேராகவே திருப்பினான். சந்திரகலா பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். ஐந்து நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டாள்.

சரோஜா முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கனத்த பட்டு, கழுத்து நிறைய மாலை. ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. கண்ணாடியில் பொட்டைச் சரிபண்ணுவது போல் இன்னொரு தடவை செய்யச் சொன்னான் அருணகிரி. அவள் கை தூக்கினாள். கண் மேலே செருகியது. விரல்கள் மடங்கின. நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் இரண்டு மூன்று தடவை உடம்பு வெட்டியது.

வள்ளி அலறப் போனவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அருணகிரி லைட்டை அணைக்க ஓடினான். சந்திரகலா தண்ணீர் தெளித்து, ஜன்னலைத் திறந்து, கழுத்து மாலையைக் கழற்றினாள். சரோஜா கண் திறந்து, "ரொம்ப சூடா இருக்குதும்மா" என்றாள். மோர் குடித்தாள். அரை மணியில் மணவறையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேமராவை நிறுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அது ஸ்டாண்டின் மேல், கொஞ்சமும் ஆடாமல், எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

அது வள்ளிக்குத் தெரிந்ததும் சந்திரகலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தாயே, இது மாப்ள வீட்டுக்காரங்க கண்ணுல படவே கூடாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க. அழிச்சுடும்மா."

"அழிச்சுடறேன். என்னை நம்புங்க" என்றாள் சந்திரகலா.

அந்த வாரமே எடிட்டிங்கில் அந்த இடத்தை வெட்டி எடுத்தாள். நாற்பது விநாடி. சரோஜா பொட்டுக்குக் கை தூக்குகிறாள். அடுத்த கணம் கை இறங்குகிறது, கண்ணாடியில் முகம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு மயங்குவதற்கு முன், முதல் தடவை எடுத்தது. ஒட்டு எங்கே என்று அவளுக்கே இரண்டாம் தடவை பார்த்தபோது தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூல கேசட்டை அருணகிரியிடம் கொடுத்து, "அடுத்த கல்யாணத்தை இதுமேலயே எடுத்துடு, பழசு அழிஞ்சிடும்" என்றாள். பத்து நாள் கழித்து நினைவாகக் கேட்டாள். "எடுத்துட்டேன்க்கா" என்றான். அவள் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. அவன் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

தை மாதம் ஒரு காலையில் அப்பாதுரை வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா, அழிச்சுட்டேன்னு சொன்ன இல்ல? அப்போ அவங்க வீட்டு டிவியில என் பொண்ணு வுழுந்து வெட்டிக்கினு கெடக்கறது எப்படிம்மா தெரியுது?"

சரோஜாவை ஒரு வாரம் முன்பே பெட்டியோடு கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் வேலை செய்யும் இடத்தில் வேறொரு பெண்ணிடம் மனசு போயிருந்ததாகப் பேச்சு. பெண்ணை விலக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் கேசட்டாகவே அவர்கள் கையில் இருந்தது. வலிப்பு நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். அப்பாதுரை மகளை டாக்டரிடம் காட்டி, நோய் எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். படத்தைப் பார்த்தவர்கள் காகிதத்தைப் படிக்கவில்லை.

சந்திரகலா நேராக அருணகிரியின் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம், கேசட் திருடு போயிருக்கும், யாராவது அவனை ஏமாற்றியிருப்பார்கள் என்றே மனசு சமாதானம் தேடியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் போய்விட்டது.

"ஏன் குடுத்த?"

"கோதண்டராமன் சார் கேட்டாரு. பொண்ணைப் பத்தி கேசட்ல ஏதாச்சும் இருக்குதான்னுதான் கேட்டாரு."

"நீ அழிக்கலையா?"

"அழிக்கலக்கா. சும்மா வச்சிருந்தேன்."

"சும்மா வச்சிருந்தியா?"

அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். மண்டபத்தில் நடக்கிற அத்தனை கல்யாணத்துக்கும் இனி வீடியோ அவனுக்குத்தான். வாசலிலேயே ஒரு ரூம் தருகிறார்கள். அவன் பேரில் போர்டு. பத்து வருஷமாக அடுத்தவன் கடையில் கிடந்தவனுக்கு ஒரு வழி பிறந்தால் தப்பா?

"அந்தப் பொண்ணு வுழுந்ததே உன் லைட்டாலதானடா! உனக்குத் தெரியும் இல்ல?"

அதுவரை அவள் அவனை டா போட்டுப் பேசியதில்லை. அவன் முகம் சிவந்தது. "நடந்ததைத்தானே எடுத்தேன்? பொய்யா ஒண்ணும் எடுக்கலையே. எடுத்தது நான். நீங்க வெட்டுனீங்க, அவ்ளோதான்."

உள்ளே அவன் மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். சந்திரகலா பெண் பார்த்துக் கொண்டுவந்த மனைவி. அவள் தம்ளரோடு வருவதற்குள் சந்திரகலா படி இறங்கிவிட்டாள். 

அழுதுகொண்டு சும்மா இருந்துவிடவில்லை. கூட்டு பிரிந்து லைட்டுகள் அவன் பங்குக்குப் போனாலும் ஒன்று இன்னும் அவள் வீட்டிலேயே கிடந்தது. இரு வீட்டுப் பெரியவர்களும் மண்டபத்தில் கூடிப் பேசிய அன்று, அதைத் தூக்கிக்கொண்டு போனாள். சுப்பிரமணி ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

"ஐயா, நான்தான் அந்த வீடியோ எடுத்த கூட்டாளி. அந்தப் பொண்ணுக்கு வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது மாதிரி ரெண்டு லைட்டு அவ மூஞ்சிக்கு நேரா எரிஞ்சுது. ஃபேன் இல்ல, கதவு சாத்தியிருந்துது. நம்பலைன்னா யாராச்சும் உக்காந்து பாருங்க."

கோதண்டராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய அண்ணன் இராமலிங்கம், நியாயமான மனுஷர் என்று பேர் வாங்கியவர், எழுந்து வந்தார். அதே மணப்பெண் அறையில், கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சால்வையைப் போர்த்தி உட்கார்ந்தார். சந்திரகலா லைட்டைப் போட்டாள். நெற்றி மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. பத்து நிமிஷத்தில், "போதும், அணைம்மா" என்று எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்து எல்லோர் முன்னும் சொன்னார்: "சூடு சாஸ்தியாதான் இருக்குது. எனக்கே கிறுகிறுன்னு வந்துச்சு."

அப்பாதுரையின் முகத்தில் உயிர் வந்தது. இராமலிங்கம் சந்திரகலா பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கறேம்மா. வெறும் சூட்டுல வந்த மயக்கம்னா, அதை எதுக்கு வெட்டுன? எங்களுக்குக் குடுத்த கேசட்டையும் பாத்தேன், இதையும் பாத்தேன். அப்படியொண்ணு நடந்த அடையாளமே தெரியாம வெட்டி ஒட்டியிருக்கற. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா இவ்ளோ பாடுபட்டு ஒளிப்பாங்களா?"

 அப்பாதுரை தன் மனைவியைப் பார்த்தார். வள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தின் ஓரத்தில் அருணகிரி நின்றிருந்தான். லைட்டை யார் திருப்பியது என்று அவன் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதோடு பேச்சு முடிந்தது. சீர் சாமான்கள் வண்டியில் திரும்பி வேட்டவலத்துக்குப் போயின.

ஒரு மாதம் கழித்து சந்திரகலா சரோஜாவைப் பார்க்கப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆனால் வாயைத் திறந்ததும் அருணகிரி பண்ணின துரோகம்தான் முதலில் வந்தது. நம்பிக் கொடுத்தேன், சோறு போட்டேன், இப்படிப் பண்ணிட்டான் என்று சொல்லிக்கொண்டே போனாள். சரோஜா கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் உங்களுக்குப் பண்ணது இருக்கட்டும்க்கா. நீங்க எனக்குப் பண்ணது?"

"நானா?"

"அம்மா சொன்னாங்க, நீங்க வெட்டிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? லைட்டு சூடு தாங்கல, மயங்கிட்டேன்னு அன்னிக்கே அவர்கிட்ட நானே சிரிச்சுக்கினு சொல்லியிருப்பேன். சொல்லாதன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. கேசட்லயும் இல்ல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன். அவங்க போட்டுக் காட்டும்போது நான்தான் திருடி மாதிரி நின்னேன்."

சந்திரகலா கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு எழுந்தாள். சரோஜா வாசல்வரை வந்தாள். "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். போன வருஷம் கல்யாண அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை அழகா எடுங்கக்கா என்று கேட்ட பெண்.

கேமராவை அருணகிரி எடுத்துக்கொண்டான். ஸ்டாண்டும் டெக்கும் அவளுக்கு வந்தன. ஸ்டாண்டை போளூரில் ஒருவருக்கு விற்றாள். டெக்கை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எடுத்துக் கொடுத்த கேசட்டுகளுக்கு எடிட்டிங் மட்டும் செய்தாள். எதையாவது எடுத்துவிடச் சொன்னால், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பாள். மூல கேசட்டை அவர்கள் கண்ணெதிரே அழிப்பாள். கெடுபிடிக்காரி என்று சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

சரோஜா தையல் கற்றுக்கொண்டு, மூன்று வருஷம் கழித்து விழுப்புரம் பக்கம் மறுமணம் செய்துகொண்டாள் என்று கேள்வி. அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ வைக்கவில்லையாம்.

அருணகிரி மண்டபத்து வாசலில் போர்டு மாட்டி நன்றாகவே இருந்தான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று ஒன்றும் நடக்காத மாதிரி கேட்பான். முதல் தடவை அவள் பதில் சொல்லாமல் போனாள். இரண்டாவது தடவை நின்று, "அப்படிக் கூப்பிடாத" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். அதன் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டான்.