கழிவறைக் கதவு அனுப்பிய எச்சரிக்கை

தனியாக வாழும் முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே, தங்கள் இஷ்டப்படி, இன்னும் எத்தனை காலம் இருக்க முடியும்? எங்கள் ஆய்வுக் குழுவின் கேள்வி இதுதான். விடை தேட நாங்கள் வீடுகளில் சென்சார் பொருத்துகிறோம். வாசல் கதவில் ஒன்று, குளிர்பெட்டியில் ஒன்று, கழிவறைக் கதவில் ஒன்று. கேமரா கிடையாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது மூன்று முறை சொல்வேன். எங்கள் தீவின் கிழக்கே, பிடோக்கில் ஓர் அங்கிள் மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, மறுநாளிலிருந்து குளிர்பெட்டி சென்சாருக்குக் காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

மனைவி இறந்த பிறகு அவர் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேருந்து ஏறி மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவார். அங்கே காணிக்கைப் பை ஏந்துவது அவர் பொறுப்பு. பூசை முடிந்ததும் தேக்கா சந்தையில் தோசை. பிறகு, எதுவும் வாங்காமல் சந்தையை ஒரு சுற்று.

தீவின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில் இருக்கும் மகளுக்கு இதில் நிம்மதி இல்லை. அப்பா கழிவறையில் வழுக்கி விழுவார் என்பதே அவருடைய பயம். சுவரில் கைப்பிடி வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். அப்பா மசியவில்லை. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எங்கள் ஆய்வு முடியும்வரை ஓர் எச்சரிக்கைகூட வராவிட்டால் அவர் பிடோக்கிலேயே இருக்கலாம். வந்தால் ஜூரோங்குக்குப் போக வேண்டும். அங்கே போனால் பூசைக்கு மகளின் காரில்தான் போக முடியும். மகள் கிளம்பும் நேரம்தான் இவர் கிளம்பும் நேரம். தோசை சந்தேகம்.

அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, காத்தோங்கில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த எச்சரிக்கை வந்தது. பிடோக் அங்கிளின் கழிவறைக் கதவு திறந்து மூடி, திறந்து மூடி, ஓயவே இல்லை. வயிற்றுக்கோளாறு, சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம் என்று சாத்தியமான காரணங்களைக் கணினி வரிசையாகக் கொடுத்திருந்தது. அந்த வரிசையை எழுதியவள் நான்தான். மகளுக்கும் அதே செய்தி போயிருந்தது. அவர் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார், அப்பா எடுக்கவில்லை. நானும் கூப்பிட்டேன்; எடுக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு டாக்சி பிடித்தேன். டாக்சி கிடைக்கவே நேரமாகிவிட்டது. தீவின் அந்தக் கோடியிலிருந்து வந்த மகளும் நானும் ஒரே லிஃப்டில் ஏறினோம்.

லிஃப்ட் கதவு திறந்ததும் அக்கா (மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அப்படியே நின்றுவிட்டார். அவர் அப்பாவின் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளிருந்து பலர் சேர்ந்து செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. இறந்தவர் வீட்டிலும் அதே செபம்தான் என்பது இந்துவான எனக்கு அப்போது தெரியாது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அங்கிளே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"மாலையில இன்னும் பத்து மணி உருட்ட பாக்கி இருக்கு. சத்தம் போடாம வந்து முட்டி போடு," என்றார் மகளிடம். என்னைப் பார்த்து, "நீங்க நாற்காலில உக்காருங்கம்மா," என்றார்.

செபமாலை மாதமான அக்டோபரில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகுமாம். அன்று அவர் வீட்டு முறை. வந்தவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வீடோ ஒரே கழிவறை உள்ள வீடு. வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்களா என்று ஆரம்பத்திலேயே கேட்டோமே அங்கிள், என்றேன் மெதுவாக.

"வந்தது மாதா. இவங்கல்லாம் கூட வந்தவங்க. இதுல விருந்தாளி யாரு?"

என் கணினி நிரலில் இதற்கு இடமில்லை. தனியாக வாழ்பவரின் வீட்டில் எப்போதும் ஒருவர்தான் இருப்பார் என்று எழுதி வைத்திருந்தேன்.

செபம் முடிந்து தேநீரும் கறிபஃப்பும் வந்தன. அக்காவுக்குப் பயம் தெளிந்து கோபம் வந்தது. பேச்சு பேச்சுதான், எச்சரிக்கை வந்துவிட்டது, பெட்டியைக் கட்டுங்கள் என்றார். அது ஊரே சேர்ந்து கொடுத்த எச்சரிக்கை, என் கணக்கில் சேராது என்றார் அப்பா. இருவரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். தப்பு மெஷினுடையது என்று ஒப்புக்கொண்டேன். "அது தப்புதான். ஆனா பாத்ரூம் பாத்ரூம்தானே?" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துக் கழிவறையிலிருந்து ஓர் அம்மா சேலையைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகும் குழுவை நடத்துபவர் அவர்.

"என்ன அண்ணே உங்க வீடு? உக்காந்துட்டேன், எந்திரிக்கப் புடிக்க ஒண்ணுமில்ல. பேசினைப் புடிச்சுத் தொங்கிட்டு வந்தேன். எங்க வீட்ல ரெண்டு கைப்பிடி இருக்கு லா."

பின்னால் காத்திருந்த இருவர் தங்கள் வீட்டிலும் உண்டு என்றார்கள். ஒருவர் வீட்டில் மூன்றாம்.

அங்கிள் கறிபஃப்பைத் தட்டில் வைத்தார். "கைப்பிடியைப் பாத்தா என்னையும் உங்க நோயாளி லிஸ்ட்ல போட்டுட்டு, காணிக்கைப் பையை வேற ஆளுக்குக் கொடுத்துருவீங்கன்னு இருந்தேன்."

"உங்களையா?" என்றார் அந்த அம்மா. "பையை நீட்டிட்டு, நாங்க காசு போடுற வரைக்கும் முறைச்சுக்கிட்டே நிக்கிற ஆளு நீங்க. நீங்க நோயாளின்னா யாரு நம்புவாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை மாதச் சண்டைக்கும் காரணம் இதுதானா என்பதுபோல அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைப்பிடி வச்சுக்கிட்டா இங்கேயே இருங்கப்பா," என்றார் கடைசியில். "நான் ஜூரோங் பேச்சை எடுக்க மாட்டேன்."

அவர் உடனே சம்மதிக்கவில்லை. துருப்பிடிக்குமா என்று கேட்டார். மாதா படம் மாட்டிய சுவரில் துளை போடக் கூடாது என்றார். அந்தச் சுவர் கழிவறைக்குப் பக்கத்திலேயே இல்லை. பிறகு எழுந்து கழிவறைக்குள் போய், மூடியைக் கவிழ்த்து, இஸ்திரி கலையாமல் அதன்மேல் உட்கார்ந்தார். கைப்பிடி வர வேண்டிய இடத்தைக் குறிக்க அக்கா என்னிடம் டேப் கேட்டார். சென்சார் ஒட்டும் டேப் என் பையில் எப்போதும் இருக்கும்.

"இங்கயா?"

"கொஞ்சம் கீழ."

வெளியே வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். அது சுவரில் போய்த் தொட்ட இடத்தில் அக்கா டேப்பை ஒட்டினார்.