ஹொன்னாவர் மணலில் கோல்ஃப்

மைசூர் கோல்ஃப் மைதானத்தில் ஓர் ஓய்வு பெற்ற இன்ஜினியரின் மட்டைப் பையை நான்தான் சுமப்பேன். அவர் தலையில் சரிகை வைத்த மைசூர்த் தலைப்பாகை, காலில் முட்டிவரை காலுறை. யாராவது பார்த்தால் அவருக்கு அடி தப்பிவிடும். என்னையும் திரும்பி நிற்கச் சொல்வார்.

கோடையில் கிளப்பில் எல்லோரும் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். இவர் மட்டும் கடலோரம் ஹொன்னாவருக்குப் போகத் திட்டம் போட்டார். ஷிமோகா வரை ரயில், அப்புறம் மோட்டார்.

"அங்க மைதானம் இருக்கா சாமி?"

"மணல் இருக்குப்பா. நண்டைத் தவிர யாரும் பாக்க மாட்டாங்க."

"அலை பந்தை இழுத்துட்டுப் போயிடுமே?"

"போகட்டும். இங்க தொலைஞ்சா புதர் புதரா தேடணும். அங்க அந்த வேலையே இல்ல."

எனக்கும் போக ஆசை. கேட்கக் கூச்சமாக இருந்தது. பையைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நீ கடல் பாத்திருக்கியா?" என்றார்.

"இல்ல சாமி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. உனக்கும் டிக்கெட் எடுத்துடறேன்."

திரும்பி வந்ததும், அவர் எப்படி ஆடினார் என்று கிளப்பில் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனாரோ என்று இன்றும் யோசிக்கிறேன்.