சுத்தமான காற்றுக்கு என்ன வாசனை?

திங்கட்கிழமை காலை. பெங்களூரு தொம்மலூரில் என் மகன் படிக்கும் பிளே ஸ்கூலுக்குள் நுழைந்ததும்... ஜெராக்ஸ் கடை வாசனை!

நான் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். மூன்று வயது கவினுக்கு வீசிங் வேறு. புது பெயின்ட் நெடியைப் போக்க ஸ்கூலில் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கியபோதே குடைந்து குடைந்து கேட்டேன். கெமிஸ்ட்ரி படித்த பாவம்!

விஷயம் நல்லதுதான். மெஷின் ஓசோனை உண்டாக்கும். மாங்கனீஸும் செம்பும் பூசிய ஒரு வலை, அந்த ஓசோனை வைத்தே பெயின்ட் வாயுவை உடைக்கும். சூடாக்கவே வேண்டாம். மிச்ச ஓசோனையும் அந்த வலையே அழித்துவிடும். ஒழுங்காக ஓடினால் எந்த வாசனையும் வராது. ஓசோன் வெளியே கசிந்தால்? குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது.

இப்போது வருகிறதே? ஜெராக்ஸ் கடையில் அடிப்பதும் ஓசோன் வாசனைதானே!

பிரின்சிபல் பூரிப்போடு சொன்னார்: "பேரண்ட்ஸ் எல்லாம் கம்ப்ளெய்ன்ட் மேடம். ஒரு ஸ்மெல்லும் வரல, மெஷின் ஓடுதா இல்லையான்னு. அதான் அந்த வலையைக் கழட்டிட்டோம். இப்போ எவ்ளோ ஃப்ரெஷ் பாருங்க!"

வேலை செய்வதைக் கழற்றிவிட்டு, விஷத்தை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்கள்!

கழுத்தில் ஐடி கார்டு தொங்க, பக்கத்தில் ஓர் அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "கூர்க் போன மாதிரி இருக்குங்க!"

நமக்குச் சுத்தம் என்றால் மணக்க வேண்டும். பினாயில் மணக்காத தரை கழுவாத தரை. காற்று மட்டும் தப்புமா?

"வலையைத் திருப்பி மாட்டுங்க" என்றேன்.

"சும்னே... சும்மா டென்ஷன் ஆகறீங்க. வேற யாரும் சொல்லலையே மேடம்?"

தடுமாறினேன். யாருமே சொல்லவில்லையே... நான்தான் ஓவராகப் பண்ணுகிறேனோ? ஐடி கார்டு அம்மாவும் படித்தவர்தானே?

உள்ளே கவின் இருமினான். அந்த இருமல் எனக்குத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். டெக்னீஷியன் வந்து வலையை மாட்டும் வரை நகரவில்லை. 'இந்தம்மா ஒரு மாதிரி' என்று ஆயாக்கள் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. விழட்டுமே!

மறுநாள் ஒரு வாசனையும் இல்லை. கவினும் இருமவில்லை. கூர்க் அம்மா மட்டும் மூக்கைச் சுளித்தார்: "மெஷின் ரிப்பேரா?"

பிரின்சிபல் என்னை முறைத்தார்.

இன்று காலை போனால், மெஷின் தலையில் ஊதுபத்தி ஸ்டாண்ட். குப்குப்பென்று புகை. பேரண்ட்ஸ் முகத்தில் அப்படியொரு திருப்தி!

ஊதுபத்திக்கு பிளக் கிடையாது.

நல்லவேளை... கவினின் வாட்டர் பாட்டில் என் கையில்தான் இருந்தது.