இட்லிக் குண்டானில் ஒரு பேட்டரி

என் மடிக்கணினி முதலில் ஆடத்தான் ஆரம்பித்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் இடது பக்கம் சாயும், அடுத்த எழுத்துக்கு வலது பக்கம் சாயும். மேசைக் கால்தான் சரியில்லை என்று அட்டையை மடித்து அடியில் செருகினேன். அதற்குப் பிறகு மேசையும் சேர்ந்து ஆடியது. அடுத்து, டச்பேட் அமுங்க மாட்டேன் என்றது. கடைசியில் மூடினால் மூடவில்லை. அலுவலகத்தில் முதல் நாள் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தது.

அப்போது நான் டெக்சாசில், காப்பெல் என்ற ஊரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். ஆன்ட்டி, அங்கிள், ஆறாம் வகுப்பு முடித்த ஒரு மகள். நான் எம்.எஸ். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். வேலையில்லாமல் இந்த நாட்டில் இருக்க எனக்கு விட்டிருந்த அவகாசம் தீரும் தறுவாயில், ஒரு கம்பெனி கடைசிச் சுற்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. வியாழக்கிழமை, வீடியோவில், அவர்கள் பார்க்கப் பார்க்க நிரல் எழுதிக் காட்ட வேண்டும். கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் பெட்டி கட்டுவேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறவர்கள். சிலர் இப்படிப்பட்ட விஷயத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நான் எதிரில் இருப்பவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். கணினி அறிவியலில் இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறேன். கணினிக்குள் என்ன இருக்கிறது என்றால் ஒன்றும் பூஜ்ஜியமும் இருக்கிறது என்று எழுதித்தான் இரண்டையும் வாங்கினேன். அதற்கு வயிறு வீங்கும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை அதைக் கீழே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"ஏங் கண்ணு, இதென்ன இப்புடி உப்பிக் கெடக்குது?" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் குனிந்து பார்த்தார். மென்பொருளில் பழம் தின்று கொட்டை போட்டவர். "அப்டேட் பண்ணிப் பாத்தியா?"

"வீங்கியிருக்கு அங்கிள். அப்டேட் பண்ணா வடியுமா?"

"எதுக்கும் ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

மகள் கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அக்கா, தட்ஸ் த பேட்டரி. இட் கேன் கேட்ச் ஃபயர்."

"எனக்குத் தெரியும்" என்றேன். பிறகு மாடிக்குப் போய் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். சார்ஜ் போடாதே, அமுக்காதே, குத்தாதே, வளைக்காதே, வெயிலில் வைக்காதே, குப்பையில் போடாதே. என்ன செய்யலாம் என்பதைத் தவிர எல்லாம் இருந்தது.

வேறு கணினி வாங்கலாம்தான். என் கிரெடிட் கார்டு அந்த யோசனையை ஏற்கவில்லை. இரவல் வாங்கலாம் என்று வீட்டில் இருந்த மடிக்கணினிகளை எண்ணினோம். நிறையவே இருந்தன. அங்கிளிடம் இருந்ததில் ஒன்று அலுவலகத்துடையது, இன்னொன்று அந்த அலுவலகத்தின் வாடிக்கையாளருடையது. ஆன்ட்டியுடையது அவர் பகுதிநேரமாக வேலை பார்க்கும் மருத்துவமனையுடையது. மகளுடையது பள்ளியுடையது, அதில் கேமராவைப் பள்ளிக்கூடமே அடைத்து வைத்திருந்தது. வீட்டுக்கென்று சொந்தமாக இருந்த ஒரே கணினி வயிறு வீங்கிய என்னுடையதுதான்.

ஆன்ட்டி ஊர்த் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். ஏறக்குறைய ஊரே ஐடி வேலை. பதில்கள் மளமளவென்று வந்தன. "ஆபீஸ் லேப்டாப்தாம்ப்பா இருக்கு, குடுத்தா வேலை போயிரும்." "எங்க வீட்ல மூணு இருக்கு, மூணும் கிளையன்ட்டோடது." "அரிசி மூட்டைக்குள்ள வைங்க, எங்க போன் அப்படித்தான் சரியாச்சு." கடைசியாக ஒருவர், "அந்தப் பொண்ணு இந்தியா போயிட்டா ரூம் காலியாகுமா? எங்க கொழுந்தன் தேடிட்டிருக்காரு" என்று கேட்டிருந்தார்.

பழுதுபார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். வீங்கியிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும், அதைக் கடைக்குள் கொண்டு வரக்கூடாது என்றார்கள். வாசலில் வைத்துப் பார்ப்பீர்களா என்றேன். வாசலுக்கும் வேண்டாம் என்றார்கள். புது பேட்டரி தருவித்துத் தர முடியும், அடுத்த வாரம்.

பேசிவிட்டுக் கீழே வந்தால் மேசையில் கணினி இல்லை. சமையலறையில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கட்டையாக இருந்தது.

போய்ப் பார்த்தேன். சமையல் மேடையில் என் மடிக்கணினி. அதன்மேல் நான்காக மடித்த துண்டு. துண்டின்மேல் கிரைண்டர். கிரைண்டருக்குள் உளுந்து.

"ஆன்ட்டி!"

"ஏங் கண்ணு கத்தற? வெயிட்டு வெச்சா அமுங்கீருமல்ல? சும்மா வெக்கறதுக்கு அப்புடியே மாவையும் ஆட்டிப்போடலாம்னு..."

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கிரைண்டரைத் தூக்கி இறக்கினோம். கணினியின் வீக்கம் குறைந்திருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் பயத்தைக் கொடுத்தது.

அப்போதுதான் முடிவு செய்தேன். திறந்து பேட்டரியை எடுத்துவிடுவது. பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் வைத்து இந்த மாடல் ஓடும் என்று அதன் கையேட்டில் போட்டிருந்தது. இப்படிப்பட்ட வேலையை அது தெரிந்தவர்களிடம் கொடுப்பதுதான் முறை. தெரிந்தவர்கள் வாசலுக்கே வேண்டாம் என்றுவிட்டார்களே.

வீட்டின் பின்முற்றத்தில், சிமென்ட் தரையில், எரியக்கூடிய எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு உட்கார்ந்தோம். கணினியை அணைத்தேன். சார்ஜரைக் கழற்றினேன். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் உள்ளிருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடும் என்பதால், முதலில் ஏதாவது உலோகத்தைத் தொட வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொட்டேன். நான் தொட்டதைப் பார்த்து ஆன்ட்டியும் தொட்டுக்கொண்டார். அங்கிளும் தொட்டார். கும்பிடுவார்களோ என்று ஒரு கணம் பயந்தேன்.

ஒவ்வொரு திருகாணியும் ஒவ்வொரு நீளம். கலந்துவிட்டால் போயிற்று. நீள ஆணியைக் குட்டை இடத்தில் முடுக்கினால் உள்ளே எதையாவது துளைத்துவிடும். ஆன்ட்டி ஓடிப்போய் இட்லித் தட்டைக் கொண்டுவந்தார். கணினியில் எந்த மூலையோ, தட்டில் அந்தப் பக்கத்துக் குழியில் அதன் ஆணி. என் படிப்புக் காலம் முழுவதும் பார்த்த வரைபடங்களில் எதுவும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

மூடி திறந்ததும் எல்லோரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தோம்.

நான் எதிர்பார்த்தது ஒரு நகரம். பார்த்தது ஒரு பரண். மின்விசிறியில் தூசியும் என் தலைமுடியும் சுருண்டு கிடந்தன. இரண்டு வருடப் படிப்பும், எழுதிய நிரல்களும், அப்பா அம்மாவின் புகைப்படங்களும் இருந்த வட்டு, சூயிங்கம் துண்டு அளவுக்கு ஓரமாக ஒடுங்கியிருந்தது. பாதி வீட்டை அடைத்துக்கொண்டு பேட்டரி. வெள்ளித்தாள் பையில் காற்றடைத்தது போல, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பி நின்றது.

"இதுக்குள்ள என்ன இருக்குது?" என்றார் ஆன்ட்டி.

"வாயு."

"நம்மூட்லயும் ஒருத்தருக்கு இருக்குது" என்று அங்கிளைப் பார்த்தார்.

பேட்டரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பினேன், இரும்பு படவே கூடாது. அதைப் பிடித்திருந்த ஆணிகளைக் கழற்றி, இரண்டு கையாலும் வளைக்காமல் தூக்கினேன். தீப்பெட்டி ஆலைகளில் மணல் வாளிகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மணல் வேண்டும் என்றேன். மகள் சிறுவயதில் விளையாடிய மணல்தொட்டி தோட்டத்து மூலையில் இருந்தது. பாத்திரம்? ஆன்ட்டி பெருமூச்சுவிட்டுப் பழைய இட்லிக் குண்டானைக் கொடுத்தார். மணல், பேட்டரி, மேலே மறுபடி மணல். மூடி போட வேண்டாம், வாயு வந்தால் போக வழி வேண்டும் என்றேன். ஆபத்தான கழிவுகளை வாங்கும் நகராட்சி இடம் சனிக்கிழமைதான் திறக்கும். வெயிலில் வைக்கக்கூடாது என்று நான் சொல்ல, அதுவரை குண்டான் பின்முற்றத்து நிழலில் இருக்கட்டும் என்று முடிவானது.

கணினியை மூடி, சார்ஜரைச் செருகினேன். ஓடியது. ஆடவும் இல்லை. என்னை நானே ஒருமுறை பெருமையாகப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பிளக் கழன்றால் அந்தக் கணமே அணைந்துவிடும். மகள் பிளக்குக்கு மேலே சுவரில் "தொட்டால் அக்கா டிப்போர்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினாள்.

வியாழக்கிழமை இன்டர்வியூ நன்றாகவே தொடங்கியது. கலிபோர்னியாவிலிருந்து ஒரு பெண் கேள்வி கேட்டார். நான் நிரலைப் பாதி எழுதியிருந்தேன். கீழே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கிளுக்குக் குண்டானின் மேல் இரக்கம் வந்துவிட்டது. வெயிலில் வைக்காதே என்று நான்தானே சொன்னேன்? குளிர்ச்சியான இடம் எது? கராஜில் இருக்கும் இரண்டாவது ஃபிரிட்ஜ். குண்டான் உள்ளே நுழையவில்லை. பேட்டரியை மட்டும் மணலிலிருந்து எடுத்து, தட்டி, ஜிப் பையில் போட்டு, தயிர் வாளிக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் நடுவில் செருகிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஆன்ட்டி மோருக்காக வந்து தயிர் வாளியை இழுத்தார். வாளியோடு சேர்ந்து பேட்டரி மடங்கியது.

"ஏனுங்க! ஃபிரிட்ஜுக்குள்ள ஏதோ சீறுதுங்க!"

இது மட்டும் எனக்கும் கேட்டது. கலிபோர்னியாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பெண் புருவத்தைத் தூக்கினார்.

ஃபிரிட்ஜிலிருந்து புகை வந்தது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மகள் உடனே 911 என்ற அவசர எண்ணை அழைத்தாள். முகவரியைச் சொல்லி, "மை டாட் புட் எ பேட்டரி இன் த ஃப்ரிட்ஜ்" என்று தெளிவாகக் காரணத்தையும் சொன்னாளாம். நான் சுழற்சிக்குள் சுழற்சியாக ஒரு வரியை எழுதிக்கொண்டிருந்தபோது தெருவில் சைரன் கேட்டது. அடுத்து மாடிப்படியில் கனமான பூட்ஸ் சத்தம். தலைக்கவசம் போட்ட ஒருவர் என் அறை வாசலில் நின்று, உடனே வெளியேறச் சொன்னார்.

"ஐந்து நிமிடம்?" என்றேன்.

அவர் படிக்கட்டைக் கைகாட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் தீயணைப்பு வீரர்கள் இருக்கிறார்கள், வெளியே போய்த் திரும்ப இணைகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வேறு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார். வேறு நாள் என்று எனக்கு மிச்சம் எதுவும் இல்லை. இன்றைக்கே முடிக்கிறேன் என்று சொல்லிப் பிளக்கை உருவினேன். திரை பட்டென்று இருண்டது. கணினியையும் சார்ஜரையும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் பெரிய சிவப்பு வண்டி நின்றது. ஆன்ட்டி, அங்கிள், மகள் மூவரும் எதிர்வீட்டுப் புல்வெளியில் நின்றார்கள். வாசலில் ஒரு பிளக் பாயின்ட் போதும் எனக்கு. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி, ஓய்வுபெற்றவர், கையில் தோட்டக் குழாயோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். குழாயைப் போட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் விளக்குகளுக்காக முன்வாசலில் வைத்திருந்த மின்இணைப்பைக் காட்டினார். அதன் மூடியைத் திறந்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, துடைத்துச் செருகினேன். போனிலிருந்து இணையம். எழுதிய பாதி நிரல் கம்பெனியின் பக்கத்தில் அப்படியே காத்திருந்தது.

வெயிலில் திரை கண்ணாடி போல என் முகத்தையே காட்டியது. பெண்மணி ஒரு பெரிய குடையைப் பிடித்தார். போதவில்லை. ஆன்ட்டி துப்பட்டாவைக் கழற்றி என் தலையையும் திரையையும் சேர்த்து மூடினார். அந்தக் கால ஸ்டூடியோ புகைப்படக்காரர் போல உள்ளே உட்கார்ந்து தட்டினேன்.

"மின்விசிறி ஓட்டைய அடைச்சிராதீங்க ஆன்ட்டி, சூடாயிரும்!"

"நீ பேசாம எழுது கண்ணு, நான் வீசறேன்." வெளியிலிருந்து எதையோ வைத்து விசிறினார்.

துப்பட்டாவின் விலகிய ஓரம் வழியாக என் பின்னால் நடப்பது கேமராவில் தெரிந்தது. முழு உடுப்பில் ஒரு வீரர் நீண்ட இடுக்கியால் பேட்டரியைப் பிடித்து நடக்க, இன்னொருவர் இட்லிக் குண்டானை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். கலிபோர்னியாப் பெண் திரைக்கு அருகில் குனிந்தார். பிறகு, அது என்ன பாத்திரம் என்று கேட்டார். காலை உணவுக்கானது என்று சொல்லிவிட்டு நிரலை ஓட்டினேன். முதல் முறை பிழை. ஒரு அடைப்புக்குறி விட்டிருந்தேன். போட்டேன். எல்லாச் சோதனைகளும் பச்சையாக வந்தன.

தன் பரிந்துரை இப்போதே போய்விடும், வேலைக்கான கடிதம் இந்த வாரம் வரும் என்றார் அவர். போய் வீடு இருக்கிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னார்.

வீடு இருந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது, ஆனால் இனி அதில் எதையும் வைக்க முடியாது. தீயணைப்பு அதிகாரி எங்களை அந்தப் புல்வெளியில் வரிசையாக நிறுத்தி, பேட்டரியை யார் கழற்றியது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்றேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

எத்தனையோ விருந்துகளில் அந்தக் கேள்விக்குப் பயந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன். "எஞ்சினியர்" என்றேன்.

அப்படியானால் இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, வீங்கிய பேட்டரியை என்ன செய்யக்கூடாது என்பதை ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். நான் வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் நிதானமாக, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.