‘குழாயில்’ என்ற சொல்லை வெட்டியவன்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம் நான் வேலை பார்க்கும் கேபிள் டி.வி.யில் எழுத்து மட்டுமே வரும் சேனல் ஒன்று உண்டு. நீலத் திரை, வெள்ளை எழுத்து. கரண்ட் எப்போது போகும், ரயில் எப்போது வரும், சர்ச் சபையில் என்ன கூட்டம், யார் இறந்தார். மலையாளத்தில் ஒரு பக்கம் ஓடும், அடுத்தது தமிழ். தமிழைத் தட்டச்சு செய்பவன் நான். ஒரு காலத்தில் எங்கள் திரையில் வந்தால்தான் ஆள் செத்ததாகவே ஊர் நம்பியது. பிறகு எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது.

முதலாளி என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மழைக்காலத்தில் ஒருநாள் வந்து நின்றான்.

“எலே மக்கா, இந்த மாசத்தோட இத நிறுத்தீருவோம். ஒரு பட்டியும் பாக்கல்ல.”

“நான் பாக்கேன்லா?”

“செரி, ஒரு பட்டி பாக்குது.”

பட்டி என்றால் எங்கள் ஊரில் நாய். சிரித்தேன். ஆனால் இந்த வயதில் எனக்கு வேறு வேலை தெரியாது.

அதே வாரம் மழை கொட்டியது. அணையின் ஷட்டரைத் திறப்பார்கள் என்று பேச்சு. இதற்கிடையில் எங்கோ பைப் உடைந்து மூன்று நாளாகக் குழாயில் சொட்டு இல்லை. ‘நாளை காலை ஆறு மணிக்குக் குழாயில் வெள்ளம் வரும்’ என்று தகவல் வந்தது. ஒரு வரியில் அடங்கவில்லை. ‘குழாயில்’ என்பதை வெட்டினேன். எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம்தான், ஆற்றில் பெருகி வருவதும் வெள்ளம்தான்.

மாலையில் வீட்டில் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி அலறினாள்.

“இஞ்ச ஓடி வாங்க! நாளைக்கு ஆறு மணிக்கு வெள்ளம் வருமாம். டி.வி.யில போட்டிருக்கு!”

டி.வி.யில் போட்டால் பொய்யாகுமா? ரேஷன் கார்டை வாயில் கவ்விக்கொண்டு, ஈரத் துண்டோடு மெத்தையைப் பரணில் ஏற்றினேன். அந்த வரியை எழுதியவன் நான்தான் என்பது மெத்தை ஏறிய பிறகே உறைத்தது. அதற்குள் ஆற்றோரத்துக்காரர்கள் கட்டிலும் கோழியுமாகச் சபை ஹாலுக்குப் போயிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு, சொன்னபடி, வெள்ளம் வந்தது. குழாயில்.

ஆபீசுக்குள் முதலாளி பாய்ந்து வந்தான். “எந்திரிலே! இன்னைக்கே பூட்டுதேன். நாட்டுக்காரனெல்லாம் எனக்க போன்ல அம்மைய இழுத்துத் தெறி விளிக்கான்!”

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“எத்தற வீட்டுக்காரன் கட்டிலு, கோழின்னு சாதனம் சொமந்தான்?”

“ஆத்தோரம் முழுக்கயாக்கும்!”

“அப்ப ஒரு பட்டியும் பாக்கல்லன்னு சொன்னது ஆருலே?”

அவன் போனை என் முன்னால் நீட்டினான். “மன்னிப்பு போடச் சொல்லுதானுவ.”

“போடுதேன். சேனலைப் பூட்டிட்டு அத எங்க போடுவே, உனக்க நெத்தியிலயா?”

அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மன்னிப்பை மூன்று வரியில் போட்டேன்.

மாதம் முடிந்து இன்னொன்றும் போய்விட்டது. பூட்ட யாரும் வரவில்லை. வந்தாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை.