ஆய்வகக் குழாயில் வராத தண்ணீர்

பிள்ளைகள் அந்த வேதியியல் ஆசிரியைக்கு வைத்த பட்டப்பெயர் லிட்மஸ். கோபம் வந்தால் அமிலம் பட்ட லிட்மஸ் தாள் போல முகம் சட்டென்று சிவந்துவிடும். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். "ஆசிட் நீங்கதான்டா, நான் வெறும் தாள்" என்று சிரிப்பார்.

இருபத்திரண்டு வருடம் கண்ணும் கருத்துமாகப் பாடம் நடத்தினார். உடைந்த சோதனைக் குழாய்களுக்குப் பதில் சொந்தச் சம்பளத்தில் புதிது வாங்கி வைப்பார். மேல்மாடி ஆய்வகத்துக்குத் தண்ணீர் ஏறுவது நின்றபோது தலைமையாசிரியருக்கு நாலு கடிதம் எழுதினார். நாலும் கிணற்றில் போட்ட கல். செய்முறைத் தேர்வு நெருங்கவே, கீழேயிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கிவரச் செய்து வகுப்பை நடத்தினார்.

அன்று மூன்றாம் பிரிவேளைக்குள் வாளிகள் காலியாகிவிட்டன. தையல்காரர் ஒருவரின் மகள் சூடாக்கிய சோதனைக் குழாயிலிருந்து அமிலம் பொங்கி முகத்தில் தெறித்தது. ஆசிரியை தண்ணீர்க் குழாயைத் திருகினார். வெறும் காற்று உஸ்ஸென்றது. அவளை இழுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஓடினார். அதற்குள் வலது கண் போய்விட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"பொண்ணு பாதுகாப்புக் கண்ணாடி போடலைன்னு எழுதிக் குடுங்க. அதோட முடிஞ்சிரும்."

"நாப்பது பேருக்கு ஆறு கண்ணாடிதான் சார் இருக்கு."

"அதெல்லாம் யாரு கேக்கப் போறா?"

ஆசிரியை உள்ளதை உள்ளபடி எழுதினார். தண்ணீர் இல்லையென்று தெரிந்தும் வகுப்பை நடத்தியது தானே என்பதையும் எழுதினார். விசாரணையில் அந்த ஒரு வரி மட்டும் நின்றது. கடிதங்கள் நாலும் கோப்பில் இல்லை. ஆறு மாதம் பணியிடைநீக்கம், ஆய்வகத்துக்குப் பூட்டு.

"ஊரெல்லாம் தப்பிச்சுக்கிச்சு, நீ மட்டும் தலையைக் குடுத்திருக்க" என்றார் கணவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை தையல்காரர் வீட்டுக்குப் போனார். தையல்காரர் வாசலை மறித்து நின்றார்.

"நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க டீச்சர். அதை மறக்க மாட்டேன். ஆனா உங்களைப் பார்த்தாலே என் பொண்ணு நடுங்குறா. இனிமே வராதீங்க."

ஆசிரியை திரும்பி நடந்தார். அந்தப் பெண் அடுத்த வருடம் வணிகவியலுக்கு மாறிவிட்டாள் என்று பிறர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, மீதி ஒன்பது வருடமும் ஆய்வகம் திறக்கவில்லை. எல்லாம் கரும்பலகையில்தான். ஓய்வுபெறும் வருடம், மயில்துத்த உப்பு நீல நிறம் என்று எழுதியபோது ஒருத்தி எழுந்தாள்.

"எப்படிப்பட்ட நீலம் டீச்சர்?"

அவர் கையிலிருந்த வெள்ளைச் சாக்பீஸைப் பார்த்தார்.

"நீலம்னு எழுது, போதும். மார்க் குடுப்பாங்க."

சொல்லிவிட்டு அடுத்த உப்புக்குப் போனார்.