மாமியார் முகத்து மகாராணி

என் வீட்டுக்காரருக்கு அவர் ஆபீஸில் தரகர் என்று பட்டப்பெயர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தரகர் இல்லை, நாட்டுக்கு ராஜா பார்க்கிற தரகர். கம்ப்யூட்டரில் ஒரு நாகரிகத்தை எடுத்துக்கொண்டு, ஊர் கட்டி, வயல் போட்டு, பக்கத்து நாட்டோடு வியாபாரமோ சண்டையோ செய்து யுகக்கணக்காக ஓட்டுவார்களே, அந்த மாதிரி விளையாட்டுகளைத் தயாரிக்கிற கம்பெனி அது. ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு தலைவர் வேண்டும். விளையாடுகிறவரிடம் திரையில் வந்து பேசவும் முறைக்கவும் மிரட்டவும் ஒரு முகம் வேண்டும். வரலாற்றில் வந்துபோன அத்தனை பேரில் அந்த ஒருவர் யார் என்று பார்த்துச் சொல்வதுதான் இவருக்கு வேலை. இதற்கும் ஒரு வேலை, இதற்கும் ஒரு சம்பளம்!

வேலையைக்கூட விடுங்கள். அதைச் செய்கிற ஆள் இருக்கிறாரே, உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் பயப்படுகிறவர். ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எங்கேயோ யாரோ மனம் நொந்துபோவார்கள் என்று சாப்பாடு இறங்காது. இவர் வேண்டாம், சொந்தத் தம்பியைக் கொன்றவர். அவர் வேண்டாம், பக்கத்து நாட்டில் இன்னமும் அவர் பேரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். இன்னொருவர் தங்கமான மனிதர், ஆனால் ஆண்ட காலமெல்லாம் ஒன்றுமே செய்யவில்லை, விளையாட்டில் அவருக்கு என்ன சக்தியைக் கொடுப்பது? வேறொருவர் ரொம்ப சமீபத்தவர், பேரன் உயிரோடு இருக்கிறார், அதுவும் வக்கீல். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தவர், "ஐயோ, அவருக்கு ஒரு கைதானே!" என்று அலறிக்கொண்டு துண்டோடு ஓடி வந்தார். ஓவியர் அந்தத் தளபதிக்கு இரண்டு கையும் வைத்து வரைந்து முடித்திருந்தாராம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயந்து நடுங்குகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஊரைச் சுற்றுகிறேன். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒன்று. ஆனால் காருக்குள் என் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. வீட்டில் அது கிடையாது.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் பேசும்போது இவர் கல்லூரியில் சரித்திர ஆசிரியர், நிரந்தர வேலை. "எந்த முடிவு எடுத்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எடுக்க மாட்டேன் அத்தை" என்று எல்லார் முன்னாலும் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். அப்பா இல்லாமல் என்னை வளர்த்தவள் அம்மா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தலையாட்டினாள். கல்யாணமாகி சில மாதத்திலேயே இவர் வேலையை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். சொல்லப் பயந்து, நாளைக்குச் சொல்கிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனார். அம்மாவுக்கு அது மூன்றாம் மனுஷர் வாயிலாகப் போய்ச் சேர்ந்தது. "அந்த வீட்டு வாசப்படி இனி மிதிக்க மாட்டேன்" என்றாள். ஆறு வருஷம் மிதிக்கவில்லை. நான்தான் எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன், மற்றபடி என்னோடு மட்டும் போனில் பேசுவாள். இவர் பேச்சை எடுத்தால், "சரி, வச்சிடறேன்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் போன் செய்து, கண்ணில் புரை முற்றிவிட்டது, எங்கள் ஊர்க் கண் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றேன், உங்க வீட்டுக்கு இல்ல. ராத்திரி தலை சாய்க்க ஒரு இடம் வேணுமேன்னு பாக்கறேன்" என்று கூடவே ஒரு குத்தலும். எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், வருகிறாளே! நான் துள்ளிக் குதித்துக்கொண்டு இவரிடம் போய்ச் சொன்னேன். இவர் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"கோபப்படாம வா. ஒண்ணு காட்டணும்."

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். திரையில் ஒரு மகாராணி. தலையில் கிரீடம், கழுத்து நிறைய நகை. அந்தக் கிரீடத்துக்குக் கீழே என்னைப் பெற்ற அம்மா!

"அடப்பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன்.

விஷயம் இதுதான். பெரிய பெரிய சாம்ராஜ்யங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த ஒரு சின்ன ஆற்றங்கரை நாகரிகத்துக்கு இவர் தலைவர் தேடியிருக்கிறார். ராஜாக்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், யார் மகன் யார் தாத்தா என்றே பிரிக்க முடியவில்லை. நடுவில் ஒரு ராணி அகப்பட்டாள். ஒரே ஒரு கல்வெட்டில் அவளைப் பற்றி மூன்று வரி. உடன்படிக்கையை மீறிப் படையோடு வந்த அரசனுக்கு எதிராகக் கோட்டைக் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் மனம் மாறி, தூதுவர்களிடம் பொன்னும் பட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தனுப்பினான். அவள் திறக்கவேயில்லை. யார் மனமும் நோகாத ராணி, பேரன் வக்கீல் என்ற தொல்லையும் இல்லை. தரகருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மூன்று வரியில் ஒரு ஆளை எப்படி உண்டாக்குவது? முகம் வேண்டும், குரல் வேண்டும், கோபம் வேண்டும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் அம்மா போட்டோக்காரரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை எடுத்து ஓவியருக்கு அனுப்பிவிட்டார்.

"நெத்தியும் கண்ணும் மட்டும் இப்படி இருக்கட்டும்னுதான் சொன்னேன். அவரு முழுசா எடுத்துக்கிட்டாரு."

"மூக்கோரத்து மருவைக்கூடவா?"

"மரு அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."

முகத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பேசுவதற்கு முன்னால் இடது புருவத்தை மட்டும் தூக்குகிறாள். வந்தவனை நிற்க வைத்துவிட்டு, "வந்த விஷயத்தச் சொல்லு" என்கிறாள். கீழே அவளுடைய குணம் என்று எழுதியிருந்தது: ஒருமுறை வாக்குத் தவறிய நாட்டோடு ஆட்டம் முடியும்வரை பேச மாட்டாள், என்ன கொடுத்தாலும் மன்னிக்க மாட்டாள்.

"இதுவும் கல்வெட்டுல இருக்கா?" என்று கேட்டேன். இவர் பேனா மூடியைக் கடித்தார்.

அதோடு முடிந்ததா? விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற பையன்கள் எல்லாம் இந்த ராணியைக் கண்டுதான் அதிகம் நடுங்கினார்களாம். அதனால் விளம்பரத்துக்கு அவள் முகமே போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. வேறு யாரையாவது போடுங்கள், மீசைக்கார ராஜா ஒருவர் இருக்கிறாரே என்று இவர் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாளையிலிருந்து ஊரெங்கும் போஸ்டர் ஒட்டப் போகிறார்களாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆறு வருஷம் கழித்து என் அம்மா என் வீட்டுக்கு வருகிறாள். இதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனால் இந்த ஜென்மத்தில் திரும்பி வர மாட்டாள். எனக்கு என் அம்மா வேண்டும். எப்போதாவது போய்ப் பார்ப்பதும் போனில் வருகிற குரலும் போதாது. அதை இவரிடம் சொல்லி அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன்.

அம்மா வந்தாள். ஒரு கண் ஏற்கெனவே மங்கல். இன்னொன்றில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் பிழைத்தோம். அந்த வாரம்தான் கம்பெனியிலிருந்து வந்த போஸ்டரை இவர் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதோடு வந்த ராணி பொம்மை என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போனது. அம்மா எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், தூங்கினாள், சமையலில் குறை சொன்னாள். இவரோடு மட்டும் நேராகப் பேசவில்லை. இவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுடி அவர" என்பாள். இவர் எழுந்துபோய்க் குறைப்பார். "போதும்னு சொல்லு" என்பாள்.

கட்டுப் பிரிக்க வேண்டிய நாளில் டாக்டர் ஊரில் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பெற்றவளுக்குப் பார்வை வருவது தள்ளிப்போனதில் சந்தோஷப்படுகிற மகளும் உண்டா? என்னை நானே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் அம்மா கடகடவென்று படித்துவிட்டாள். டாக்டர் கைகொட்டிச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் இருந்ததால் வண்டியைப் பின்பக்கத் தெருவுக்குத் திருப்பினேன். பெரிய சாலையிலும் ஒன்று இருந்தது. அதனால் மார்க்கெட் பக்கமாகச் சுற்றினேன்.

"ஏன்டி இப்படிச் சுத்திக்கிட்டுப் போற? ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவ, உனக்கே வழி தெரியலையா?"

"அங்க ரோடு தோண்டியிருக்காங்கம்மா."

"யாரு தோண்டினா? வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

மார்க்கெட் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதன் முதுகு முழுக்க மகாராணி. மருவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. பின்னால் வண்டிகள், பக்கத்தில் வண்டிகள், நகர இடமில்லை. அம்மா பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. விளக்கு பச்சையாவதற்குள் எனக்கு வயசாகிவிட்டது. பஸ் வலது பக்கம் திரும்பிப் போனது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

பார்த்தாளா, பார்க்கவில்லையா? வீட்டுக்கு வந்ததும் இவர் ஜாடையில் கேட்டார். தெரியாது என்று நானும் ஜாடையில் சொன்னேன். அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். ரசத்தில் உப்பு குறைவு என்றாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சரி, தப்பித்தோம் என்று நான் தட்டுகளை எடுக்கப் போனேன்.

"மாப்பிள்ளை."

இவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றார்.

"பஸ் பின்னாடி ஒருத்தி நிக்கறாளே, யாரு அவ?"

மறைத்துப் பிரயோஜனமில்லை. இவர் குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னார். கல்வெட்டு, மூன்று வரி, கல்யாண ஆல்பம், ஓவியர், மரு. அம்மாவின் இடது புருவம் மேலே போனது.

"எங்க, காட்டுங்க அவள."

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டோம். இவர் விளையாட்டைத் திறந்தார். திரையில் ராணி வந்தாள். அம்மா வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரி அரசனின் தூதுவர்கள் வந்தார்கள். தட்டுத் தட்டாகப் பொன். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி தூதுவர்கள், பட்டு, குதிரைகள். ராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு இதெல்லாம் அனுப்பறான்?"

"சமாதானத்துக்கு, அத்தை."

"அவன் வரலையா?"

"இல்ல. தூது மட்டுந்தான் விட முடியும்."

"ஏன், அவனுக்குக் கால் இல்லையா? வந்து நின்னு, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமே."

"விளையாட்டுல அப்படி ஒரு வழி இல்ல அத்தை. நான் வைக்கல."

"ஏன் வைக்கல?"

"வந்து கேட்டாலும் நீங்க... அவங்க மன்னிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

ஆறு வருஷமாக இவர் என் கையில் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. கம்பளிப் போர்வை, போன், முழங்கால் வலித் தைலம். ஒவ்வொரு தடவையும் நான் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு தடவைகூட, நீங்களும் வாங்க என்று நான் இவரைக் கூப்பிட்டதில்லை. அம்மா கதவைச் சாத்திவிடுவாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"வேலைய விட்டதுக்கு எனக்கென்ன கோபம்? ராஜாவ வச்சுப் பொழைங்க, கூஜாவ வச்சுப் பொழைங்க. என்கிட்ட சொல்றேன்னீங்களே, சொன்னீங்களா? ஊர்ல யாரோ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "தப்புதான் அத்தை. பயமா இருந்துச்சு. உங்ககிட்ட வர்றதுக்கு இன்னும் பயமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க" என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் மூன்று இடத்தில் உடைந்தது.

திரையில் ராணி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் தோள் குலுங்குகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். குனிந்து பார்த்தால் ஆபரேஷன் செய்த கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருக்கிறது! எனக்குப் பதறிப்போயிற்று. "அம்மா, அழாதம்மா! கண்ணுல தண்ணி படவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு!" என்று கத்திக்கொண்டு பஞ்சை எடுக்க ஓடினேன்.

அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"போடி. ஆறு வருஷமா இந்தக் கண்ணுல தண்ணி படாமத்தான் இருந்துச்சாக்கும்."